அணில் சின்னத்தின் அய்ய நாடார்

வானம் பார்த்த கரிசல் பூமியான சிவகாசியில் 1905ஆம் ஆண்டு பிறந்தவர் பி. அய்ய நாடார். மழை பொய்த்த ஊரிலிருந்து, இருபது வயது நிரம்புமுன்னரே உறவினர் சண்முக நாடாருடன் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பினார். பின்னர் இருவரும் தனித்தனியே தொழில் நடத்தினர்; இவருக்கு அணில் சின்னம், அவருக்குக் காக்கை. எழுத்தறியாதவரும் படத்தைச் சொல்லிக் கேட்டு வாங்கினர். விற்பனை நுட்பம் என்பது இதுவன்றோ! விஸ்வநத்தம் முதலிய சுற்றூர்களில் கைத்தொழிலாகவே அது பரவியது. அக்கைகளுள் சிறார் கைகளும் நெடுங்காலம் இருந்தன என்பதை மறைத்தல் முறையன்று.

பொருளீட்டியவர் பலர் தம் பெயரை மட்டுமே கல்லில் பொறித்தனர். அய்ய நாடாரோ 1963இல் தோன்றிய கல்லூரிக்குத் தம் பெயரோடு துணைவியார் ஜானகி அம்மாளின் பெயரையும் சேர்த்தே சூட்டினார். 1982இல் அவர் மறைந்தார். ஊரார் இன்றும் அவ்விரு பெயர்களையும் ஒரே மூச்சில்தான் சொல்கின்றனர்.