கொல்லிமலைக் குளிர் போதாதா? சூப்பர் கம்ப்யூட்டரைக் குளிரவைத்த சீமோர் க்ரேயின் கதை

சூப்பர் கம்ப்யூட்டர் ரொம்ப சூடாகுதா? கொல்லிமலைக்குக் கொண்டுபோய் வெச்சா என்ன? 70 கொண்டை ஊசி வளைவு ஏறினால், 1,000 மீட்டருக்கு மேல் உயரத்தில் குளுகுளு காற்று. ஏசி செலவு மிச்சம்தானே எனத் தோன்றும். சாதாரண சர்வர்களுக்கு இது ஓரளவு உதவும். சூப்பர் கம்ப்யூட்டருக்குப் போதாது. ஏன் என்பது சீமோர் க்ரேயின் வாழ்க்கையைப் பார்த்தால் புரியும்.

யார் இவர்?

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாகாணத்தில், சிப்பெவா ஃபால்ஸ் என்ற சிற்றூரில் 1925 செப்டம்பர் 28-ல் பிறந்தவர். அப்பா சிவில் இன்ஜினீயர். இரண்டாம் உலகப் போரில் ரேடியோ ஆபரேட்டராக இருந்த க்ரே, பிறகு மினசோட்டா பல்கலைக்கழகத்தில் எலெக்ட்ரிக்கல் இன்ஜினீயரிங் படித்தார். கன்ட்ரோல் டேட்டா நிறுவனத்தில் அவர் வடிவமைத்த சிடிசி 6600, 1964-ல் உலகின் அதிவேகக் கம்ப்யூட்டர்.

வேகம் கூடினால் ஏன் சூடு?

ஒரு நானோ செகண்டில் மின் சிக்னல் 30 செ.மீ.கூடத் தாண்டாது. அதனால் ஒயர் நீளம் குறைய வேண்டும். பாகங்களை நெருக்கி அடுக்க வேண்டும். நெருக்கினால் சூடு ஒரே இடத்தில் குவியும், காற்று நுழைய இடைவெளியும் இருக்காது. எனவே 6600-லேயே, ஃப்ரிட்ஜில் ஓடுவது போன்ற ஃப்ரியானைக் குழாய்களில் ஓடவிட்டார்கள்.

க்ரே-1: எண்ணெய் செய்த சோதனை

1972-ல் க்ரே சொந்த நிறுவனம் தொடங்கினார். முதல் க்ரே-1, 1976-ல் லாஸ் அலமோஸ் ஆய்வகத்துக்குப் போனது. ஒயர்கள் சுமார் 1.2 மீட்டரைத் தாண்டக் கூடாது என்பதற்காக, ஆங்கில 'சி' எழுத்து போல வளைந்த வடிவம். அது இழுத்த மின்சாரம் சுமார் 115 கிலோவாட். ஒரு 1.5 டன் ஏசிக்கு 1.5 கிலோவாட் என்று வைத்தால், 75-க்கும் மேற்பட்ட ஏசிகள் ஒரே நேரத்தில் ஓடுவதற்குச் சமம். அத்தனையும் கடைசியில் சூடாகத்தான் வெளியே வரும்.

போர்டின் சூட்டைச் செம்புத் தகடு வாங்கி, ஃப்ரியான் ஓடும் குழாய்க்குக் கடத்தியது. ஆனால் ஃப்ரியானோடு கலந்திருந்த மசகு எண்ணெய் கசிந்து போர்டுகளில் படிந்து, ஷார்ட் சர்க்யூட் ஆனது. குழாய்களை வெல்டிங் செய்யும் முறையையே மாற்ற வேண்டியிருந்தது. டெலிவரி மாதக்கணக்கில் தள்ளிப்போனது.

க்ரே-2: மெஷினையே முக்கிட்டாங்க

1985-ல் வந்த க்ரே-2-ல், மின்சாரம் கடத்தாத ஃப்ளோரினெர்ட் என்ற திரவத்தில் போர்டுகளையே மூழ்கவைத்தார்கள். இன்று 'இம்மர்ஷன் கூலிங்' என்கிறோமே, அதேதான். சூடான பால் டம்ளரை ஃபேன் அடியில் வைப்பதைவிட, தண்ணீர்ப் பாத்திரத்தில் வைத்தால் சீக்கிரம் ஆறும் இல்லையா? அந்த லாஜிக்தான். ஒரே கன அளவில், காற்றைவிட 3,000 மடங்குக்கும் அதிகமான வெப்பத்தைத் தண்ணீர் சுமக்கும்.

அடுத்த முயற்சியான க்ரே-3 விற்கவில்லை. 1995-ல் அவரது இரண்டாவது நிறுவனம் திவாலானது. மனம் தளராமல் 1996-ல் இன்னொன்று தொடங்கினார். அதே ஆண்டு கார் விபத்தில் படுகாயமடைந்து, அக்டோபர் 5-ல் 71 வயதில் இறந்தார்.

நமக்கு என்ன?

2022 மே மாதம் திருச்சி என்ஐடியில் 838 டெராஃப்ளாப்ஸ் திறனுள்ள 'பரம் பொருள்' சூப்பர் கம்ப்யூட்டர் தொடங்கிவைக்கப்பட்டது. இருப்பது மலையில் இல்லை, வெயில் கொளுத்தும் சமவெளியில். சிப்பின் சூட்டைத் திரவமே நேரடியாக வாங்கிக்கொள்ளும் தொழில்நுட்பம் அதில் இருக்கிறது. ஏஐ சிப்புகள் நிறைந்த டேட்டா சென்டர்களும் இப்போது இதே பாதையில்தான் போகின்றன.

ஆனால் திரவம் வாங்கிய சூடு மாயமாகாது. வெளியே விட்டாக வேண்டும். மலைக் குளிர் உதவுவது இந்தக் கடைசிப் படியில்தான். சமவெளியில் பல இடங்களில் கூலிங் டவரில் தண்ணீரை ஆவியாக்கித்தான் அந்தச் சூட்டை வெளியேற்றுகிறார்கள். ஆகவே உங்கள் ஊருக்கு டேட்டா சென்டர் வந்தால் இரண்டு கேள்வி கேளுங்கள்: சிப்பை எப்படிக் குளிரவைக்கிறீங்க? அதுக்குத் தண்ணி எங்கேருந்து வருது?