ஒரே வாக்காளர் பட்டியல் கேட்ட சேலத்துக்காரர்: கே. டி. பால்

பிரிக்பீல்ட்ஸ் ஒய்எம்சிஏ கட்டடத்தை அறியாத மாணவர்கள் கிள்ளான் பள்ளத்தாக்கில் குறைவு. கேஎல் சென்ட்ரல் மோனோரயில் நிலையத்தில் இறங்கிக் கொஞ்சம் நடந்தால் வந்துவிடும். மொழி வகுப்புக்கோ, நண்பனைப் பார்க்கவோ ஒருமுறையாவது அந்தப் பக்கம் போயிருப்போம். அந்த இயக்கத்தை இந்தியா முழுவதற்கும் தலைமையேற்று நடத்திய முதல் இந்தியர் ஒரு தமிழர் என்பது பல்கலைக்கழகத்திற்கு வந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. கனகராயன் திருச்செல்வம் பால் என்பது அவருடைய முழுப்பெயர். சுருக்கமாக, கே. டி. பால்.

அவரைத் தேடிப் படிக்க வைத்தது ஒரு தேர்தல். 2022 நவம்பர் 19ஆம் தேதி நடந்த 15ஆவது பொதுத்தேர்தலில் நான் கிள்ளானில் முதன்முறையாக வாக்களித்தேன். 18 வயதிலேயே வாக்குரிமை என்ற புதிய சட்டம் நடப்புக்கு வந்து ஓராண்டுகூட ஆகவில்லை. தேர்தலுக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து எல்லாரும் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது எங்கள் சபையின் மூத்தவர் ஒருவர், அரசியல் அழுக்கு நிறைந்த இடம், நமக்கு ஜெபம் போதும் என்றார். நல்ல மனிதர். நான் பதில் சொல்லவில்லை. மரியாதைக்காக என்று சொல்லிக்கொள்ளலாம், ஆனால் பதில் தெரியவில்லை என்பதுதான் உண்மை. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் கிறிஸ்தவர்கள் 9.1 விழுக்காடு. அதிலும் தமிழ்க் கிறிஸ்தவர்கள் சிறு பகுதிதான். நம் ஒரு வாக்கால் என்ன ஆகிவிடப் போகிறது என்ற எண்ணம் எனக்குள்ளும் இருந்தது.

பால் ஏறத்தாழ இதே கேள்வியோடு வாழ்ந்தவர்.

அவர் 1876 மார்ச் 24ஆம் தேதி சேலத்தில் ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தார். சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் படித்துவிட்டுச் சில காலம் ஆசிரியப் பணியில் இருந்தார். 1905இல் வங்காளம் இரண்டாகப் பிரிக்கப்பட்டது. நாடெங்கும் சுதேசி அலை எழுந்தது. அந்த அலை தேவாலயத்தின் வாசலையும் தொட்டது. அதுவரை இந்தியத் திருச்சபைக்குப் பணம் வெளிநாட்டிலிருந்து வந்தது. முடிவெடுக்கும் அதிகாரமும் வெளிநாட்டவர் கையில்தான் இருந்தது. அவ்வாண்டு கிறிஸ்துமஸ் நாளன்று வங்காளத்தின் செராம்பூரில் சில இந்தியக் கிறிஸ்தவர்கள் கூடித் தேசிய மிஷனரி சங்கத்தைத் தொடங்கினர். ஆள், பணம், தலைமை மூன்றும் இந்தியர்களுடையதாக இருக்க வேண்டும் என்பது அதன் கொள்கை. பின்னாளில் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயரான வெள்ளாளன்விளை அசரியாவும் பாலும் அதன் முன்னணியில் இருந்தார்கள். சங்கத்திற்காகப் பால் ஊர் ஊராகப் பயணம் செய்தார்.

பிறகு ஒய்எம்சிஏவுக்கு வந்தார். 1916இல் அதன் தேசியப் பொதுச்செயலாளரானார். பதவி உயர்வுகளை விட, அந்தப் பதவியில் இருந்துகொண்டு அவர் என்ன செய்தார் என்பதுதான் எனக்கு வியப்பாக இருக்கிறது. ஒய்எம்சிஏ அன்று நகரத்து இளைஞர்களின் இயக்கம். விடுதி, நூலகம், விளையாட்டு என்று இருந்தது. பால் அதைக் கிராமத்துக்கு இழுத்துச் சென்றார். தென்னிந்தியக் கிறிஸ்தவர்களில் பெரும்பாலோர் கிராமத்து ஏழைகள். அவர்களில் பலர் ஒடுக்கப்பட்ட சாதியினர். ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் பாடிவிட்டுத் திங்கட்கிழமை வட்டிக்காரர் வீட்டு வாசலில் நிற்கும் வாழ்க்கை. பால் கூட்டுறவுக் கடன் சங்கங்களை அமைக்க உதவினார். 1920களில் அன்றைய திருவிதாங்கூரைச் சேர்ந்த மார்த்தாண்டத்தில் ஒய்எம்சிஏ ஒரு கிராம மறுசீரமைப்பு மையத்தை உருவாக்கியது. கோழி வளர்ப்பு, தேனீ வளர்ப்பு, கூட்டுறவு விற்பனை எல்லாம் அங்கே கற்றுத்தரப்பட்டன. மார்த்தாண்டம் தேன் இன்றும் பெயர் பெற்றது.

கூட்டுறவுச் சங்கம் என்றால் உறுப்பினர்கள் கூட வேண்டும். தங்களுக்குள் நிர்வாகிகளைத் தேர்ந்தெடுக்க வேண்டும், கணக்குக் கேட்க வேண்டும். பக்கத்து வீட்டு இந்துவும் முஸ்லிமும் அதே சங்கத்தில் இருக்கலாம். பாலின் அரசியல் இங்கேதான் தொடங்கியது என்று எனக்குத் தோன்றுகிறது.

அந்தக் காலத்துக் கிறிஸ்தவர்கள் அரசியலை விட்டு ஒதுங்கியதற்குப் பக்தி மட்டுமே காரணம் இல்லை. பலருக்கு வேலை கொடுத்தது மிஷன் பள்ளியும் மிஷன் மருத்துவமனையும். வெளிநாட்டு மிஷனரிகளோ, ஆங்கில அரசுக்கு எதிராக எதுவும் செய்யமாட்டோம் என்று உறுதி கொடுத்துவிட்டு வந்தவர்கள். மதுரையில் பணியாற்றிய அமெரிக்க மிஷனரி கெய்த்தான், காந்தியின் ஆதரவாளரான ஓர் ஆங்கிலேயரை வீட்டில் தங்கவைத்தார் என்பதற்காக 1930இல் நாட்டை விட்டே போக நேர்ந்தது. வெள்ளைக்கார மிஷனரிக்கே அந்த நிலை என்றால் மிஷன் பள்ளி வாத்தியாரின் பயத்தை நாம் புரிந்துகொள்ளலாம். மறுபக்கம், கிறிஸ்தவர்கள் வெள்ளைக்காரனின் ஆட்கள் என்ற சந்தேகமும் ஊரில் இருந்தது. ஒதுங்க ஒதுங்கச் சந்தேகம் வளர்ந்தது.

பால் சிறை சென்ற போராளி அல்லர். முதல் உலகப் போரின்போது படை முகாம்களுக்கு ஒய்எம்சிஏ ஊழியர்களை அனுப்பியவர், பிரிட்டிஷ் அரசின் விருதைப் பெற்றவர். இந்தியாவுக்கும் பிரிட்டனுக்கும் உள்ள உறவைப் பற்றி 1927இல் ஒரு நூலும் எழுதினார். இதற்காக அவரைக் குறை சொல்பவர்கள் உண்டு, அதில் நியாயமும் உண்டு. ஆனால் காந்தியோடும் அவருக்கு நெருங்கிய தொடர்பு இருந்தது. 1926இல் ஹெல்சின்கியில் நடந்த ஒய்எம்சிஏ உலக மாநாட்டுக்குக் காந்தியை அழைக்கும் முயற்சியில் அவருக்குப் பங்கு இருந்தது. காந்தி போகவில்லை என்பது வேறு கதை.

இப்போது அவருடைய வாழ்க்கையின் மையமான விவாதத்துக்கு வருவோம். 1919 சட்டத்தின்கீழ் 1920இல் தேர்தல் நடந்தபோது, சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் தேர்ந்தெடுக்கப்படும் 98 இடங்களில் 5 இடங்கள் இந்தியக் கிறிஸ்தவர்களுக்குத் தரப்பட்டன. அந்த 5 பேருக்கும் கிறிஸ்தவர்கள் மட்டுமே வாக்களிக்க முடியும். இதற்குத் தனி வாக்காளர் தொகுதி என்று பெயர். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. நம் ஆளை நாமே தேர்ந்தெடுக்கலாம், இடமும் உறுதி.

பால் இதை எதிர்த்தார். தனித் தொகுதியில் நிற்கும் கிறிஸ்தவ வேட்பாளர் இந்துவின் தெருவுக்குப் போக வேண்டியதில்லை. இந்து வேட்பாளரும் கிறிஸ்தவனின் குறையைக் கேட்க வேண்டியதில்லை. வேலி பாதுகாப்புக்காகப் போடப்பட்டாலும், உள்ளே இருப்பவனைத்தான் அது அடைத்து வைக்கும். கிறிஸ்தவன் எல்லா மதத்தவரோடும் ஒரே பட்டியலில் இருந்து வாக்களிக்க வேண்டும், எல்லாரிடமும் வாக்குக் கேட்க வேண்டும், கிடைத்த பதவியில் எல்லாருக்கும் உழைக்க வேண்டும் என்பது அவர் நிலைப்பாடு. தன் மக்களுக்குக் கிடைத்த சலுகையையே வேண்டாம் என்று சொல்வது எந்தத் தலைவருக்கும் எளிதல்ல. சென்னை மாகாணக் கிறிஸ்தவர்களில் பலர் அவரோடு உடன்படவில்லை.

இந்தக் கருத்து வேறுபாடு லண்டன் வரை போனது. 1930 நவம்பர் 12ஆம் தேதி தொடங்கிய முதல் வட்டமேசை மாநாட்டுக்கு இந்தியக் கிறிஸ்தவர்கள் சார்பில் இரண்டு பேர் சென்றனர். இருவருமே தமிழர்கள். ஒருவர் பால். மற்றவர் தஞ்சைப் பகுதியைச் சேர்ந்த கத்தோலிக்கர், நீதிக்கட்சித் தலைவர் ஏ. டி. பன்னீர்செல்வம். பன்னீர்செல்வம் தனித் தொகுதியின் பக்கம் நின்றார். அவருடைய அச்சத்தையும் தள்ளிவிட முடியாது. சிறு எண்ணிக்கையில் இருக்கும் சமூகம் பொதுப் பட்டியலில் கரைந்துபோனால், அதன் குரலை யார் கேட்பார்? அரசியலில் பங்கேற்க வேண்டுமா என்பதில் இருவருக்கும் சந்தேகமே இல்லை. எப்படி என்பதில்தான் பிரிந்தார்கள்.

மாநாடு 1931 ஜனவரி 19இல் முடிந்தது. ஊர் திரும்பிய சில வாரங்களில், ஏப்ரல் 11ஆம் தேதி பால் சேலத்தில் காலமானார். வயது 55. அவ்வாண்டு இறுதியில் இரண்டாம் வட்டமேசை மாநாட்டில் பன்னீர்செல்வம் சிறுபான்மையினர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். 1932 ஆகஸ்டில் பிரிட்டிஷ் அரசு அறிவித்த வகுப்புவாரித் தீர்ப்பு கிறிஸ்தவர்களுக்குத் தனித் தொகுதியை உறுதிசெய்தது. பாலின் தரப்பு தோற்றது.

தோல்வி 17 ஆண்டுகள்தான் நீடித்தது. சுதந்திர இந்தியாவின் அரசியல் நிர்ணய சபையில் சிறுபான்மையினர் துணைக்குழுவுக்குத் தலைமை தாங்கியவர் எச். சி. முகர்ஜி என்ற வங்காளக் கிறிஸ்தவர். 1949இல் மதச் சிறுபான்மையினருக்கான ஒதுக்கீட்டு இடங்களே வேண்டாம் என்ற முடிவு எடுக்கப்பட்டபோது அவரும் அதை ஆதரித்தார். மத உரிமை அடிப்படை உரிமைகளில் எழுதப்பட்டது. வாக்காளர் பட்டியல் எல்லாருக்கும் ஒன்றானது.

இதைப் படித்துக்கொண்டிருந்தபோது என் நினைவு நம் ஊருக்கே திரும்பியது. மலாயாவிலும் தேர்தல் வந்தபோது இனவாரியான வாக்காளர் பட்டியல் இல்லை. 1946 ஆகஸ்டில் ம.இ.கா. உருவானபோது அதன் முதல் தலைவரான வழக்கறிஞர் ஜான் திவி ஒரு கிறிஸ்தவர். அவர் தலைமையேற்ற சமூகத்தில் பெரும்பாலோர் இந்துக்கள். 1955 ஜூலை 27இல் நடந்த முதல் கூட்டரசுத் தேர்தலில் வாக்காளர்களில் சுமார் 84 விழுக்காட்டினர் மலாய்க்காரர்கள். போட்டியிடப்பட்ட 52 இடங்களில் 51இல் கூட்டணி வென்றது. வென்றவர்களில் 17 பேர் மலாய்க்காரர் அல்லாதவர்கள். கட்சிகள் தங்களுக்குள் இடங்களைப் பங்கிட்டுக்கொண்டதால்தான் அது முடிந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். பன்னீர்செல்வத்தின் கேள்வி அங்கேயும் உயிரோடுதான் இருந்தது. அந்த 17 பேரில் ஒருவர் வடகிந்தா தொகுதியில் வென்ற வீ. தி. சம்பந்தன். பிரிக்பீல்ட்ஸ் ஒய்எம்சிஏவுக்கு நாம் போகும் வழியில் இருக்கும் சாலைக்கு இன்று அவர் பெயர்தான்.