காலண்டர் மூலையில் இரண்டு கையெழுத்து

ஃபைனல் இயர் புராஜெக்டுக்கு நாங்கள் நாலு பேர் எடுத்தது, ஒரு பாட்டு ஆல்பத்துக்கு அட்டைப்பெட்டி டிசைன். மாதிரிக்காக பி.டி.எஸ். ஆல்பம் ஒன்றை நண்பனின் தங்கச்சியிடம் கெஞ்சி வாங்கி வந்தோம். ஒரு சிடி, அதைச் சுற்றி போட்டோ புத்தகம், போட்டோ கார்டு. அந்தப் பிள்ளை பாட்டை செல்போனில்தான் கேட்கிறது. பெட்டியைத்தான் பூட்டி வைக்கிறது.

இந்தச் சங்கதி நமக்குப் புதுசில்லை என்று அப்பத்தா வீட்டில்தான் உறைத்தது. சாமி மாடத்தில் கண்ணாடி போட்ட லட்சுமி படம். முன்னொரு காலத்தில் ஏதோ ஒரு கடை இனாமாகக் கொடுத்த காலண்டர் அது. தேதித்தாள் எல்லாம் கிழிந்து போய், கடைப் பெயரும் வெட்டுப்பட்டு, படம் மட்டும் நிற்கிறது. மூலையில் இரண்டு கையெழுத்து: ஒன்று கொண்டையராஜு, இன்னொன்று அவருடைய சீடர்.

சி. கொண்டையராஜு 1898-ல் சென்னையில் பிறந்தவர். அங்கேயே ஓவியப் பள்ளியில் முறையாகப் படித்தவர். படித்த படிப்புக்கு ஒரு வேலையில் உட்கார்ந்திருக்கலாம். மனுஷர் உட்காரவில்லை. திருவண்ணாமலை ரமணாசிரமத்தில் சில காலம் இருந்தார். பிறகு நாடகக் கம்பெனியில் சேர்ந்து திரைச்சீலை எழுதினார். அரண்மனை, காடு, தர்பார் மண்டபம் என்று தூரத்து வரிசையில் இருப்பவருக்கும் தெரியும்படி எழுத வேண்டிய வேலை அது. 1942-ல் கோவில்பட்டிக்கு வந்த இடத்தில் கம்பெனி கலைந்தது. கையில் பிரஷ் மட்டும்தான். அந்த ஊரிலேயே தங்கி, தேவி ஆர்ட் ஸ்டுடியோவில் சீடர்களோடு படம் எடுத்தும் வரைந்தும் பிழைத்தார்.

பக்கத்திலேயே சிவகாசி. 1923-ல் அய்யநாடாரும் சண்முகநாடாரும் கல்கத்தாவில் கற்று வந்து தொடங்கிய தீப்பெட்டித் தொழிலுக்கு லேபிள் வேண்டியிருந்தது. லேபிளுக்காக வந்த அச்சகங்கள் காலண்டருக்கும் கை நீட்டின. அவற்றுக்குச் சாமி படம் வேண்டும். இவருக்கு வேலை வேண்டும். மீனாட்சி கல்யாணம், முருகன், கஜலட்சுமி என்று அவர் எழுதிய படங்கள் தமிழ்நாட்டுச் சுவர்களில் ஏறின. அவர் சாமிகளின் பின்னால் நிற்கும் தூணும் வளைவும் மேடைத் திரையிலிருந்து இறங்கி வந்தவை என்பது என் அபிப்பிராயம். சாமியின் கண் நேராக நம்மைப் பார்க்கும். எந்த மூலையில் நின்றாலும் பார்க்கிற மாதிரியே இருக்கும், அப்பத்தா அதற்குப் பயந்தே பொய் சொல்ல மாட்டார்!

டி.எஸ். சுப்பையா, எம். ராமலிங்கம் போன்ற சீடர்கள் அவரிடம் தேறியவர்கள். குருவின் பெயர் ஒன்றே போதும், படம் விற்றுவிடும். ஆனாலும் சில படங்களில் சீடன் பெயரும் கூடவே அச்சாகியிருக்கிறது. 1976-ல் அவர் காலமானார்.

இதை எழுதும்போது எனக்கே சுருக்கென்றது. எங்கள் பெட்டியின் மேல் உள்ள கரகாட்டப் படத்தை வரைந்தது நாங்கள் நாலு பேரும் இல்லை, செகண்ட் இயர் தம்பி ஒருவன். ரிப்போர்ட்டில் பேட்ச் பெயர் மட்டும்தான் வரும் என்று சமாதானம் சொல்லி, அவனுக்குப் பரோட்டா வாங்கிக் கொடுத்துக் கணக்கை முடித்திருந்தோம்.

பிரிண்டுக்குப் போவதற்கு முந்தின ராத்திரி ஃபைலைத் திறந்து, படத்தின் வலது மூலையில் அவன் பெயரைச் சேர்த்தேன். வைவாவில் வெளியிலிருந்து வந்த எக்ஸாமினர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, முதலில் அந்த மூலையைத்தான் பார்த்தார். நாலு பேரில் இது யார் என்று கேட்டார். நான் எழுந்து போய், வெளியே ஜன்னல் பக்கம் நின்றிருந்த அவனைக் கூப்பிட்டு வந்தேன்.