மரியா மாண்டிசோரி

மரியா மாண்டிசோரி (ஆகஸ்ட் 31, 1870 - மே 6, 1952) இத்தாலிய மருத்துவரும் கல்வியாளரும் ஆவார். இவரது பெயரால் வழங்கும் கல்விமுறை பல நாடுகளில் பின்பற்றப்படுகின்றது. பிறப்பு முதல் மூன்று வயது வரையான பருவம் பற்றிய இவரது கருத்துக்கள் தமிழ்நாட்டில் தங்கியிருந்த ஆண்டுகளில் விரிவடைந்தன.

வாழ்க்கை

இத்தாலியின் கியாரவல்லே என்னும் ஊரில் பிறந்தார். 1896 இல் ரோம் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்றார். 1898 இல் இவருக்கு மாரியோ என்னும் மகன் பிறந்தான். மணமாகாத தாயாக இருந்ததால், மகனை நாட்டுப்புறக் குடும்பம் ஒன்றின் வளர்ப்பில் விட நேர்ந்தது. மாரியோ பதின்ம வயதில்தான் தாயுடன் சேர்ந்து வாழத் தொடங்கினார். பிற்காலத்தில் தாயின் பணிகளில் உறுதுணையாக விளங்கினார்.

குழந்தைகள் இல்லம்

1907 சனவரி 6 அன்று, ரோம் நகரில் ஏழைகள் வாழ்ந்த சான் லொரென்சோ பகுதியில் முதல் குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கினார். தக்க பொருட்களும் சுதந்திரமும் அளிக்கப்பட்டால், சிறு குழந்தைகளும் நெடுநேரம் கவனம் சிதறாமல் செயற்படுவதை இங்கு கண்டறிந்தார்.

தமிழ்நாட்டில்

பிரம்மஞான சபையின் அழைப்பை ஏற்று, 1939 நவம்பரில் மகனுடன் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். 1940 சூனில் இத்தாலி போரில் இறங்கியதும் பிரித்தானிய அரசு இருவரையும் எதிரி நாட்டினராகக் கருதியது. மாரியோ அகமத்நகர் முகாமில் அடைக்கப்பட்டார். மரியா சபை வளாகத்தை விட்டு வெளியேறத் தடை விதிக்கப்பட்டது. மரியாவின் 70 ஆவது பிறந்தநாளையொட்டி மாரியோ விடுவிக்கப்பட்டார்.

1942 முதல் 1944 வரை கொடைக்கானலில் வாழ்ந்தார். இலங்கையைச் சேர்ந்த லீனா விக்கிரமரத்னவுடன் இணைந்து அங்கு சிறு பள்ளி ஒன்றை நடத்தினார். கைக்குழந்தைகளையும் உற்றுநோக்கி ஆராய்ந்தார்.

உள்வாங்கும் மனம்

அகமதாபாத்தில் இவர் ஆற்றிய சொற்பொழிவுகளின் அடிப்படையில் அமைந்த 'உள்வாங்கும் மனம்' என்னும் நூல் 1949 இல் சென்னையில் வெளியானது. குழந்தை முதல் மூன்று ஆண்டுகளில் மொழியையும் பழக்கங்களையும் தன்னையறியாமலேயே சூழலிலிருந்து உள்வாங்குகின்றது என்பது இவரது கோட்பாடு. எனவே குழந்தையைத் தனியறையில் ஒதுக்காமல், தாய் செல்லுமிடமெல்லாம் உடன் எடுத்துச் செல்லும் வழக்கத்தை இவர் ஆதரித்தார்.

மூளை வளர்ச்சி பற்றிய பிற்கால ஆய்வுகள் இப்பருவத்தின் முதன்மையை உறுதிப்படுத்தின. பிறந்த முதல் ஆண்டில் மூளையின் கனவளவு ஏறத்தாழ இருமடங்காகின்றது. குழந்தையின் ஒலிக்கும் பார்வைக்கும் சைகைக்கும் வளர்ப்பவர் மறுமொழி தருவது நரம்பு இணைப்புக்கள் வலுப்பெற உதவுகின்றது. எனினும் மூளை வளர்ச்சி மூன்று வயதுடன் நின்றுவிடுவதில்லை. தொடக்கத்தில் பராமரிப்புக் குறைந்த குழந்தைகளும் பின்னர் கிடைக்கும் நல்ல வளர்ப்பினால் பயன்பெறுவர்.

மறைவு

நெதர்லாந்தின் நூர்ட்வைக் கடற்கரை ஊரில் காலமான இவர் அங்கேயே அடக்கம் செய்யப்பட்டார். இவரது பணியை மாரியோ 1982 இல் இறக்கும்வரை தொடர்ந்தார்.