குப்பத்தில் பிறந்த சிங்காரவேலர்



இந்த மாதச் சுவரிதழுக்கு ஒரு தலைவரைப் பற்றி எழுதச் சொன்னார்கள். காமராஜர், பாரதியார், அப்துல் கலாம் மூன்று பேரும் போன மாதங்களிலேயே இந்தப் பலகையில் வந்துவிட்டார்கள். நான் எழுதப்போறவரோட பேரு நம்ம குப்பங்களில் பல பேருக்குத் தெரியும். ஆளைத்தான் தெரியாது. மீனவர்களுக்கு வீடு கட்டித் தர தமிழக அரசு ஒரு திட்டம் நடத்தியது. அதன் பெயர் சிங்காரவேலர் நினைவு மீனவர் வீட்டு வசதித் திட்டம். எங்க ஆயா அதைச் சுருக்கி சிங்காரவேலர் வீடு என்றுதான் சொல்லும். அவர் யாரு ஆயா என்று கேட்டேன். யாரோ பழைய மந்திரி என்று சொல்லிவிட்டு இறால் உரிக்கப் போய்விட்டது.

அவர் மந்திரி இல்லை. எந்தக் காலத்திலும் மந்திரியாக இருந்ததில்லை. அவரும் நம்மைப் போல மீனவக் குடும்பத்துப் பிள்ளை!

1860ஆம் ஆண்டு பிப்ரவரி 18ஆம் தேதி சென்னை அயோத்தியாகுப்பத்தில் பிறந்தார். மெரினா கடற்கரையை ஒட்டிய குப்பம் அது. அப்பா வெங்கடாசலம், அம்மா வள்ளியம்மை. ஓரளவு வசதியான குடும்பம் என்பதால் படிக்க வைத்தார்கள். மாநிலக் கல்லூரியில் பட்டம் வாங்கி, பிறகு சட்டம் படித்து, 1907ல் சென்னை உயர்நீதிமன்றத்தில் வக்கீலாகப் பதிவு செய்தார். அப்போது வயது 47. இன்றைக்கும் குப்பத்தில் ஒரு பையன் வக்கீலுக்குப் படிக்கிறான் என்றால் ஊரே பேசும். அந்தக் காலத்தில் எப்படிப் பேசியிருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

ஜாதி பேதம் அவருக்குப் பிடிக்காது. புத்தர் சொன்ன வழியில் ஈடுபாடு கொண்டு, தன் வீட்டிலேயே மகாபோதி சங்கக் கூட்டங்கள் நடத்தினார். நிறையப் புத்தகம் வாங்குவார். வக்கீல் தொழிலில் நல்ல வருமானம். கடற்கரையைப் பார்த்த பெரிய வீடு. இத்தோடு நின்றிருந்தால் அவரும் குப்பத்திலிருந்து மேலே போன ஒரு பெரிய மனிதர், அவ்வளவுதான். யாரும் அவர் பேரை வீட்டுத் திட்டத்துக்கு வைத்திருக்க மாட்டார்கள்.

அவர் மாறியது தொழிலாளர்களால். பெரம்பூரில் பக்கிங்காம் மில், கர்நாடிக் மில் என்று இரண்டு பெரிய நெசவாலைகள் இருந்தன. பின்னி மில் என்றால் பெரியவர்களுக்குத் தெரியும். 1911ல் வந்த சட்டப்படி மில் தொழிலாளியை ஒரு நாளைக்கு 12 மணி நேரம் வரை வேலை வாங்கலாம். 12 மணி நேரம்! நாம் காலை மணி அடித்து உள்ளே வந்து சாயங்காலம் வீட்டுக்குப் போகிறோமே, அதைவிட எவ்வளவு அதிகம் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். 1922ல் சட்டத்தைத் திருத்திய பிறகும் 11 மணி நேரம்தான். வேலை முடிந்து போனால் புளியந்தோப்பு, பட்டாளம் பக்கத்தில் நெருக்கமான குடிசைகள். 1918ல் சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கியது. வாடியா, திரு.வி.க. போன்றவர்களோடு சிங்காரவேலரும் தொழிலாளர் பக்கம் வந்து நின்றார்.

1921ல் அந்த மில்லில் பெரிய வேலைநிறுத்தம். பல மாதம் நீடித்தது. தொழிலாளர்களுக்குள்ளேயே ஜாதிப் பிளவு வந்து, புளியந்தோப்பில் குடிசைகள் கொளுத்தப்பட்டன. போலீஸ் துப்பாக்கிச் சூடும் நடந்தது. கூலிக்காகத் தொடங்கிய போராட்டத்தில் ஏழைகளின் வீடே போய்விட்டது. இதைப் படித்தபோது எனக்கு மனசு கஷ்டமாக இருந்தது. ஓலை வீடு எரிந்தால் என்ன மிஞ்சும் என்று குப்பத்துப் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை.

அதே 1921ல் காந்தியடிகள் ஒத்துழையாமை இயக்கம் நடத்தினார். சிங்காரவேலர் வெள்ளைக்காரன் கோர்ட்டுக்கு இனி போவதில்லை என்று முடிவெடுத்து, வக்கீல் அங்கியைப் பொதுமக்கள் முன்னால் எரித்தார். அப்போது வயது 61! நம்ம ஊரில் 61 வயசில் வலை இழுக்கிறதை விட்டுவிட்டுக் கரையில் உட்கார்ந்து வலை பின்னுவார்கள். இவர் அந்த வயதில்தான் புதுசாகத் தொடங்கினார். 1922ல் கயா காங்கிரஸ் மாநாட்டுக்குப் போய், சுதந்திரம் கேட்கிற காங்கிரஸ் தொழிலாளர்களையும் கவனிக்க வேண்டும் என்று பேசினார்.

அடுத்து அவர் செய்ததுதான் எல்லோருக்கும் தெரிந்தது. அமெரிக்காவில் சிகாகோ நகரத்தில் 1886ல் 8 மணி நேர வேலை கேட்டுத் தொழிலாளர்கள் போராடி உயிர்விட்டார்கள். அதன் நினைவாகப் பல நாடுகளில் மே 1ஐக் கொண்டாடி வந்தார்கள். இந்தியாவில் அதை முதன்முதலில் கொண்டாடியவர் சிங்காரவேலர். 1923 மே 1 அன்று திருவல்லிக்கேணி கடற்கரையில் ஒரு கூட்டம், உயர்நீதிமன்றத்துக்கு எதிரே உள்ள கடற்கரையில் ஒரு கூட்டம். செங்கொடிக்குத் துணி கிடைக்காமல் தன் மகளின் சிவப்புச் சேலையைக் கிழித்துக் கொடி கட்டினார் என்று சொல்வார்கள். அன்றைக்கே தொழிலாளர்களுக்கும் விவசாயிகளுக்கும் என்று ஒரு கட்சியையும் ஆரம்பித்தார். மே தினத்தை விடுமுறை நாளாக்க வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். இப்போது மே 1 நமக்கு லீவுதான். கோடை லீவில் வருவதால் யாரும் கவனிப்பதில்லை!

இங்கே ஒரு சின்ன விஷயம். பழவேற்காட்டில் பாடு என்றால் என்ன என்று எல்லோருக்கும் தெரியும். ஏரியில் இன்ன இடத்தில் இன்றைக்கு இன்னார் வலை போடலாம் என்று ஊர் கூடி முறை வைப்பது. என் நைனாவுக்குப் பாடு வருகிற நாளில்தான் எங்க வீட்டில் கையில் காசு இருக்கும். பாட்டாளி என்ற சொல்லிலும் இந்தப் பாடுதான் இருக்கிறது என்று தமிழ் ஐயா சொன்னார். பாடுபடுகிறவன் பாட்டாளி. சிங்காரவேலர் வாழ்நாள் முழுக்கப் பேசியது அந்தப் பாட்டாளியைப் பற்றித்தான்.

1924ல் கான்பூர் சதி வழக்கில் அவர் பெயரையும் சேர்த்தார்கள். உடம்பு சரியில்லாததால் அவரை விசாரிக்கவில்லை. அடுத்த ஆண்டு டிசம்பரில் அதே கான்பூரில் நடந்த முதல் இந்தியக் கம்யூனிஸ்ட் மாநாட்டுக்கு அவர்தான் தலைவர். சென்னை மாநகராட்சி உறுப்பினராகவும் இருந்தார். மாநகராட்சிப் பள்ளியில் படிக்கிற ஏழைப் பிள்ளைகளுக்கு மதிய உணவு தர வேண்டும் என்று வாதாடினார். 1920லேயே பிட்டி தியாகராயர் ஆயிரம் விளக்குப் பள்ளியில் அதைத் தொடங்கியிருந்தார். தினமும் தட்டோடு வரிசையில் நிற்கிற நாம் இந்த இரண்டு பேரையும் நினைக்க வேண்டும்.

இப்போது 1928க்கு வருகிறேன். அவர் வாழ்க்கையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. தென்னிந்திய ரயில்வேக்கு நாகப்பட்டினம், போத்தனூர், திருச்சி ஆகிய இடங்களில் பட்டறைகள் இருந்தன. கம்பெனி எல்லாவற்றையும் பொன்மலைக்கு மாற்ற முடிவு செய்தது. கூடவே 3,000க்கும் மேற்பட்ட ஆட்களைக் குறைக்கவும் திட்டம் போட்டது. நாகப்பட்டினத்தில் வேலை பார்த்தவருக்கு அங்கேதானே வீடு, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம், சொந்தபந்தம் எல்லாம்? வேலையை மாற்றினால் குடும்பமே இடம் பெயர வேண்டும். வேலையை விட்டு நீக்கினால் வாடகை கொடுக்க வழி இல்லை. காகிதத்தில் ஒரு வரி எழுதினால் இத்தனை வீட்டில் அடுப்பு அணையும் என்பதைக் கம்பெனி யோசிக்கவில்லை. ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் தளம் வந்தபோது எழுந்து வந்த குடும்பங்களும், காட்டுப்பள்ளியில் துறைமுகம் வந்தபோது இடம் மாறிய குடும்பங்களும் நம்ம பக்கத்தில் இருக்கிறார்கள். அவர்களைக் கேட்டால் இது புரியும்.

ஜூலை மாதம் வேலைநிறுத்தம் தொடங்கியது. தொழிலாளர்கள் தண்டவாளத்தில் படுத்து ரயிலை நிறுத்தினார்கள். சிங்காரவேலர் அவர்களோடு நின்றார். கைது செய்தார்கள். 10 ஆண்டு சிறைத் தண்டனை. அப்போது வயது 68! பிறகு தண்டனை குறைக்கப்பட்டு 1930ல் வெளியே வந்தார். வேலைநிறுத்தம் பத்துப் பதினைந்து நாளுக்குள் முடிந்துபோனது, தொழிலாளர்கள் ஜெயிக்கவில்லை. அதையும் மறைக்காமல் எழுத வேண்டும் என்று நினைக்கிறேன். தலைவர்களைப் பற்றி எழுதும்போது ஜெயித்ததை மட்டும் எழுதுகிறோம். இவர் ஜெயித்தது குறைவு.

சிறையிலிருந்து வந்தவர் பெரியாரோடு சேர்ந்து குடிஅரசு இதழில் நிறைய எழுதினார். அதில் பாதி அறிவியல்! டார்வின், ஐன்ஸ்டைன் பற்றியெல்லாம் சாதாரண மக்களுக்குப் புரிகிற மாதிரி தமிழில் எழுதினார். 1935ல் புது உலகம் என்ற பத்திரிகையும் நடத்தினார். கண் மங்கி, உடம்பு தளர்ந்த பிறகும் 1945ல் அச்சுத் தொழிலாளர் கூட்டத்தில் வந்து பேசினார். அப்போது வயது 85. 1946 பிப்ரவரி 11ஆம் தேதி காலமானார். இன்னும் ஒரு வாரம் இருந்திருந்தால் 86வது பிறந்தநாள். சுதந்திரத்தையும் பார்க்கவில்லை.

சென்னை ராஜாஜி சாலையில் உள்ள கலெக்டர் ஆபீஸ் கட்டடத்துக்கு சிங்காரவேலர் மாளிகை என்று பெயர். அவர் பிறந்த குப்பத்துக்கும் சோதனை வந்தது. 1985ல் மெரினாவில் இருந்து கட்டுமரங்களையும் வலைகளையும் அப்புறப்படுத்த அரசு முயன்றபோது மீனவர்கள் எதிர்த்தார்கள். துப்பாக்கிச் சூடு நடந்து உயிர் போனது. அவர் மறைந்து 39 ஆண்டு கழித்து, அவர் ஓடி விளையாடிய மணலிலேயே!

எங்க வீடு முன்னே பனை ஓலை வீடு. மழைக்கு முன்னால் கூரை மாற்ற வேண்டும், ஓலைக்குக் காசு இல்லாத வருஷம் மேலே படுதா போட்டுச் சமாளிப்போம் என்று ஆயா சொல்லும். 2004 சுனாமியில் அதுவும் போனது. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் நாங்கள் கான்கிரீட் கூரைக்குக் கீழே இருந்தோம். தண்ணீர் வாசல்வரை வந்தது, ஆனால் தலைக்கு மேல் கூரை நின்றது. வீடு என்பது யாரோ இரக்கப்பட்டுக் கொடுக்கிற தானம் என்று ஆயா இன்னமும் நினைக்கிறது. உழைக்கிறவனுக்கு அது உரிமை என்று கேட்பதற்காக ஒருத்தர் வக்கீல் வேலையையும் விட்டு ஜெயிலுக்கும் போனார் என்று எழுதியதை வாசித்துக் காட்டினேன். கடைசிவரை கேட்டது. நம்ம ஜனமா அவரு என்று மட்டும் இரண்டு தடவை கேட்டது.

பிப்ரவரி 18 அன்று காலை வழிபாட்டுக் கூட்டத்தில் அவரைப் பற்றி இரண்டு நிமிடம் பேச தலைமை ஆசிரியரிடம் அனுமதி கேட்டிருக்கிறோம். கிடைத்தால் கோட்டைக்குப்பத்திலிருந்து வரும் பத்தாம் வகுப்பு நண்பர்கள் பேசுவார்கள். பேச விரும்பும் மற்றவர்கள் வகுப்புத் தலைவரிடம் பெயர் கொடுக்கவும்.

இப்படிக்கு,
பத்தாம் வகுப்பு மாணவன்