அம்பேத்கர் தம் குறிக்கோளைத் தேர்ந்த விதம்

தாராவியிலும் மாட்டுங்கா தொழிலாளர் முகாமிலும் செம்பூரிலும் வாழும் நம்மவர் இல்லங்களில், பிள்ளைகளின் பள்ளித் தேர்வு முடிந்தவுடன் ஒரு கேள்வி எழுகின்றது. இனி இவன் எதைப் படிப்பது, இவள் எதைப் படிப்பது என்பதே அது. இதற்குரிய விடையைப் பெரும்பாலும் அண்டை வீட்டாரே சொல்லிவிடுகின்றனர். எந்தப் படிப்புக்கு இப்போது சம்பளம் அதிகம் என்று கேட்டறிந்து, அதனையே பிள்ளையின் குறிக்கோளாக நாம் நிச்சயித்து விடுகின்றோம். இரண்டாண்டு சென்றதும் பிள்ளை சோர்வடைகின்றது. சோம்பல் என்று கடிந்துகொள்கின்றோம். உன்னை உள்ளிருந்து உந்துவது யாது என்று அப்பிள்ளையை ஒருவரும் கேட்டதில்லை என்பது அப்போதும் நம் நினைவுக்கு வருவதில்லை. இதே நகரத்தில் வளர்ந்து, இக்கேள்வியைப் பலமுறை தம்மைத் தாமே கேட்டுக்கொண்ட பாபாசாஹேப் அம்பேத்கரின் சரிதத்தை இந்நோக்குடன் ஒருமுறை திரும்பிப் பார்ப்போம்.

அன்னார் 1891ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் நாள், மாவ் என்னும் இராணுவக் குடியிருப்பில், சுபேதார் ராம்ஜியின் கடைசி மகனாகப் பிறந்தார். இளம் வயதிலேயே தாயை இழந்தார். சாதாரா பள்ளியில் சாக்குத் துணியில் தனியே அமர்ந்ததும், தண்ணீருக்குப் பிறர் கையை எதிர்பார்த்து நின்றதும் நம் அன்பர்கள் நன்கறிந்தவை. அவ்வளவாக அறியப்படாத நிகழ்ச்சி ஒன்றுண்டு. தந்தையார் மறுமணம் செய்துகொண்டது சிறுவன் பீமனுக்குப் பிடிக்கவில்லை. இனித் தந்தையின் சோற்றை உண்ணலாகாது, பம்பாய் சென்று பஞ்சாலையில் வேலை செய்து பிழைப்போம் என்று தீர்மானித்தான். வழிச்செலவுக்குப் பணமில்லை. அத்தையின் பணப்பையைத் திருட மூன்று இரவுகள் முயன்று தோற்று, நான்காம் இரவு கைப்பற்றினான். அதில் இருந்தது அரையணாதான்! அந்த வெட்கம் அவன் போக்கையே மாற்றிற்று. சுற்றித் திரிவதை விட்டொழித்து, ஊன்றிப் படித்து, விரைவில் தன் காலில் நிற்பது என்று முடிவு செய்தான்.

இங்கே நாம் சற்று நிற்க வேண்டும். ஆலை வேலை என்ற குறிக்கோள் மறைந்தது. படிப்பு என்ற குறிக்கோள் தோன்றிற்று. ஆனால் இரண்டையும் பிறப்பித்த வேட்கை ஒன்றே. ஒருவர் கையையும் எதிர்பாராமல் வாழவேண்டும் என்பதே அது. அவரது பிற்கால முடிவுகள் பலவற்றுக்கும் வேரைத் தேடினால் அந்த அரையணா இரவிலேயே அது கிடைக்கும் என்பது நம் கருத்து.

பின்னர் குடும்பம் பம்பாய்க்கு வந்தது. பரேலில் ஒரே அறை. அதுவே சமையலறை, அதுவே படுக்கையறை. மகன் முன்னிரவில் உறங்க, தந்தை விழித்திருந்து இரவு இரண்டு மணிக்கு எழுப்பிப் படிக்க வைப்பார். புத்தகம் வாங்கப் பணமில்லாதபோது மணமான தம் பெண்களிடம் கடன் பெறுவார். நகைகளை அடகு வைப்பார். மாலை வேளைகளில் பையன் சர்னி ரோடு பூங்காவில் அமர்ந்து படிப்பான். அங்கே அவனைக் கவனித்த கேளுஸ்கர் என்னும் ஆசிரியர், 1907இல் அவன் மெட்ரிகுலேஷன் தேறியபோது, மராத்தியில் தாம் எழுதிய புத்தர் சரிதத்தைப் பரிசளித்தார். இரண்டாவது வேட்கை, அதாவது நூல்களின்மீது கொண்ட தீராத தாகம், இதற்குள் முளைவிட்டிருந்தது.

1912இல் பி.ஏ. பட்டம் பெற்றார். அடுத்த ஆண்டே தந்தையை இழந்தார். பரோடா மன்னர் சாயாஜிராவ், மாதம் பதினொன்றரைப் பவுன் வீதம் மூன்றாண்டு உதவிச் சம்பளம் அளித்து அமெரிக்காவுக்கு அனுப்பினார். படிப்பு முடிந்தபின் பத்தாண்டுகள் சமஸ்தானத்தில் பணிபுரிய வேண்டும் என்பது ஒப்பந்தம். கொலம்பியா பல்கலைக் கழகத்தில் 1915இல் எம்.ஏ. தேறி, மறு ஆண்டு லண்டன் சென்று பொருளாதாரமும் சட்டமும் ஒருங்கே தொடங்கினார். உதவிச் சம்பளம் முடிவுற்றதால், 1917இல் படிப்பைப் பாதியில் விட்டு ஊர் திரும்ப நேர்ந்தது. தனியே கப்பலில் அனுப்பிய நூல்கள் போரில் மூழ்கிப் போயின.

பரோடாவில் உயர் பதவி காத்திருந்தது. தங்குவதற்கு ஒரு வீடு கிடைக்கவில்லை. பார்சி விடுதியிலிருந்து தடியேந்தியவர்களால் விரட்டப்பட்டு, மரத்தடியில் அமர்ந்து கண்ணீர் விட்டார். பம்பாய்க்குத் திரும்பி மாணவர்க்குத் தனிப்பாடம் சொன்னார். முதலீட்டு ஆலோசனைத் தொழில் தொடங்கினார். அவரது சாதி தெரிந்ததும் வாடிக்கையாளர் வருவது நின்றது. 1918இல் சிடன்ஹாம் கல்லூரியில் மாதம் 450 ரூபாய்ச் சம்பளத்தில் பேராசிரியரானார். அக்காலத்தில் அது பெருந்தொகை. நம்மில் பலர் அவ்விடத்தில் அமர்ந்து விடுவோம். அவரோ சிறு குடியிருப்பிலேயே வாழ்ந்து பணம் சேர்த்தார். கோலாப்பூர் மன்னரின் உதவியும் நண்பர் நவல் பாத்தேனாவின் கடனும் துணையாக, 1920இல் பதவியைத் துறந்து மீண்டும் லண்டன் சென்றார். அங்கே அரை வயிற்றுடன், பிரிட்டிஷ் காட்சிசாலை நூலகம் திறக்கும்போது சென்று மூடும்போது வெளியேறுவார். 1923இல் பாரிஸ்டர் தகுதியோடு திரும்பினார். டி.எஸ்ஸி. பட்டமும் அவ்வாண்டே கிடைத்தது.

இக்குறிக்கோளுக்கு விலை கொடுத்தவர் அவர் ஒருவர் மட்டுமல்லர். பரேலில் இரண்டறைக் குடியிருப்பில் ரமாபாய் அம்மையார் கைக்கு எட்டிய சிறு தொகையைக் கொண்டு குடும்பம் நடத்தினார். பிறந்த ஐந்து மக்களுள் நால்வர் மாண்டனர். யஷ்வந்த் ஒருவரே எஞ்சினார். 1935 மே மாதம் அம்மையாரும் மறைந்தார். மாட்டுங்காவிலிருந்து நடந்தே செல்லக்கூடிய தாதர் இந்து காலனியில், நூல்களுக்காகவே கட்டியதுபோல் எழுந்த ராஜகிருஹத்தில் அவர் வாழ்ந்த காலம் சொற்பமே. தலைவரின் புகழைப் பேசும் மேடைகளில் இதனைச் சொல்லாமல் விடுவது நியாயமன்று என்று நாம் எண்ணுகின்றோம். பிள்ளைக்குப் பெருங்குறிக்கோள் வகுக்கும் வீட்டில், அதன் சுமை யார் தோளில் விழும் என்பதும் பேசப்பட வேண்டும்.

பாரிஸ்டராகத் திரும்பியவர் அரசாங்க உத்தியோகத்தை நாடவில்லை. வழக்கறிஞர் தொழிலில் வருவாய் நிச்சயமில்லை. தீண்டாதவரிடம் வழக்குத் தருவோரும் அரியர். ஆயினும் அத்தொழிலில் மேலதிகாரி இல்லை. நினைத்ததைப் பேசலாம், எழுதலாம். பழைய வேட்கை இங்கும் வழிகாட்டிற்று. ஆனால் இப்போது அது தமக்காக மட்டும் எழவில்லை. தம் மக்கள் அனைவரும் பிறர் கையை எதிர்பாராமல் வாழவேண்டும் என்று விரிந்து விட்டது. 1924இல் பரேல் தாமோதர் மண்டபத்தில் சபை ஒன்றை நிறுவினார். 1927இல் மகாட் குளத்து நீரை மக்களோடு பருகினார்.

குறிக்கோள் பயன் தராதபோது அதனைக் கைவிடவும் அவர் தயங்கினாரில்லை. நாசிக் காலாராம் கோயில் நுழைவுக்காக 1930இல் தொடங்கிய போராட்டம் ஐந்தாண்டு நீடித்தும் கதவு திறக்கவில்லை. இனி அக்கதவைத் தட்டுவதில்லை என்று துணிந்து, 1935 அக்டோபரில் இயோலாவில், தாம் இந்துவாக இறப்பதில்லை என்று அறிவித்தார். தோல்வி என்று ஏளனம் செய்தவர் உண்டு. மானத்தைத் தேடிச் சென்றவருக்குக் கோயில் ஒரு வழியே. வழி அடைபட்டதும் வேறு வழி தேடினார், அவ்வளவே.

அவ்வழியைத் தேர இருபத்தோராண்டுகள் எடுத்துக்கொண்டார். பல சமயங்களையும் ஆராய்ந்தார். அரசியல் நிர்ணய சபை வேலைகளுக்கிடையிலும் பௌத்த நூல்களைத் தேடிப் படித்தார். நம் சென்னைப் பேராசிரியர் லட்சுமி நரசு 1907இல் வெளியிட்ட பௌத்த சாரத்தை, 1948இல் தாமே முன்னுரை எழுதி மறுபதிப்பாக வெளிவரச் செய்தார். தமிழர்களாகிய நாம் பெருமையோடு நினைக்கத்தக்க செய்தி இது. 1946இல் பம்பாயில் சித்தார்த்தா கல்லூரி திறக்கப்பட்டபோதே, உள்ளம் எத்திசை நோக்கிற்று என்பதை அப்பெயர் காட்டி விட்டது. 1951இல் சட்ட மந்திரி பதவியைத் துறந்தபின், உடல் நலிந்த நிலையிலும் புத்தரும் அவர் தம்மமும் என்னும் நூலை எழுதலானார்.

1956 அக்டோபர் 14ஆம் நாள் நாகபுரியில் இலட்சக்கணக்கான மக்களோடு திரிசரணம் ஏற்றார். கேளுஸ்கர் தந்த புத்தர் சரிதம் பதினாறு வயதுச் சிறுவனின் கைக்கு வந்து அப்போது நாற்பத்தொன்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. டிசம்பர் 5ஆம் நாள் இரவும் தம் நூலின் முன்னுரைத் தாள்களைக் கையில் வைத்திருந்தார். மறுநாள் காலை எழவில்லை. அந்நூல் 1957இல் பம்பாயில், சித்தார்த்தா கல்லூரி வெளியீடாக அச்சேறிற்று.