தொழில்வல்லார் கோவை ஜி. டி. நாயுடு

கல்வி ஏட்டின்கண் மட்டும் உள்ளதோ என்னும் வினா, கல்லூரியிற் பயில்வார் ஒவ்வொருவரும் ஒருகாலேனும் எண்ணிப் பார்த்தற்குரியது. ஏட்டுக் கல்வியை இளமையிலேயே உதறிவிட்டுப் பொறிகளையே ஏடுகளாகப் புரட்டிக் கற்றவர் ஒருவர் கொங்குநாட்டில் வாழ்ந்தார். அவர்தாம் கோபாலசாமி துரைசாமி நாயுடு என்னும் ஜி. டி. நாயுடு ஆவார். அவர்தம் வாழ்க்கையைச் சுருங்கக் கூறுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பிறப்பும் இளமையும்

நாயுடு 1893-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 23-ஆம் நாள், கோயம்புத்தூரை அடுத்த கலங்கல் என்னும் சிற்றூரில் உழவர் குடியிற் பிறந்தார். இளமையிலேயே தாயை இழந்தார். பள்ளி அவர்க்கு வேம்பாய்க் கசந்தது. ஆசிரியர் முகத்தில் மணலை வாரி இறைத்துவிட்டு ஓடினார் என்றும் சொல்வதுண்டு. தொடக்க வகுப்புகளோடு அவர்தம் பள்ளிப் படிப்பு முற்றுப்பெற்றது. தோட்டத்து வேலையும், கைக்கு எட்டிய தமிழ் நூல்களுமே பின்னர் அவர்க்குத் துணையாயின.

ஒரு வண்டியால் வந்த மாற்றம்

ஒருநாள் ஆங்கில அதிகாரி ஒருவர் ரட்ஜ் என்னும் மோட்டார் சைக்கிளில் அவ்வழியே வந்தார். மாடும் குதிரையுமின்றித் தானே ஓடிய அவ்வண்டி இளைஞரின் உள்ளத்தைக் கொள்ளைகொண்டது. அதனைப் பெறுதற்குப் பொருள் வேண்டுமே! அவர் கோவைக்குச் சென்று, உணவு விடுதியொன்றிற் பரிமாறும் பணியில் அமர்ந்து, சில ஆண்டுகள் சிறுகச் சிறுகச் சேர்த்தார். அவ்வாறு சேர்த்த பணத்தில் 300 ரூபாய் கொடுத்து அவ்வண்டியையே வாங்கினார் என்பர். வாங்கியவர் ஊர்வலம் வந்து மகிழ்ந்தாரல்லர், உறுப்பு உறுப்பாகக் கழற்றினார், மீண்டும் பூட்டினார். அதுவே அவர் பயின்ற பல்கலைக்கழகம்.

பழுதறியும் கலை

ஒரு பொறியைக் கழற்றுதல் எளிது. ஓர் உறுப்பும் எஞ்சாமற் பூட்டுதலே அரிது. அவ்வருமையை உணர்தற்குக் கார்புரேட்டர் ஒன்றே போதும். பெட்ரோலையும் காற்றையும் கலந்து பொறிக்கு ஊட்டும் உறுப்பு அது. எடையளவில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு ஏறத்தாழ 15 பங்கு காற்று சேர வேண்டும். அதனுள் பெட்ரோல் நிற்கும் சிறு கிண்ணம் உண்டு. கிண்ணத்தில் மிதக்கும் மிதவை, பெட்ரோல் ஏறுங்கால் தானும் ஏறி, ஊசியொன்றால் வரும் வழியை அடைக்கும், இறங்குங்கால் திறக்கும். ஜெட் என்னும் நுண்துளை வழியே பெட்ரோல் காற்றோட்டத்திற் சிதறிக் கலக்கும்.

இவற்றுள் ஒன்று குறையினும் வண்டி அதனை மறையாது தெரிவிக்கும். இணைப்பினிடையே இருக்க வேண்டிய வாஷர் இல்லையேல், வேண்டாத காற்று உட்புகும், கலவை மெலிந்து பொறி இருமும், சூடேறும். ஊசி சரிவர அடையாவிடில் பெட்ரோல் வழிந்து கரும்புகை எழும். பித்தளை மிதவையில் ஊசிமுனையளவு ஓட்டை விழுந்தால், உள்ளே பெட்ரோல் புகுந்து மிதவை மூழ்கும். அதனை வெந்நீரில் அமிழ்த்திக் குமிழி எழும் இடத்தைக் கண்டு ஈயம் பற்றவைப்பர். சல்லடை காணாமற்போயின், தூசி சென்று ஜெட்டை அடைக்கும். அடைப்பைக் கம்பியாற் குத்துதல் பேதைமை. துளை பெரிதாகிப் புதுப்பழுது பிறக்கும். ஆகவே, காணாமற்போன உறுப்பைத் தேடுவோன் முதற்கண் அறிய வேண்டுவது அதன் பெயரன்று, அதன் பணியே. பணியை அறிந்தவன், அவ்வுறுப்புக் கடையிற் கிடையாதாயினும், கடைசலிற் கடைந்து செய்துகொள்வான். நாயுடு பயின்றது இத்தகைய கல்வியே.

பஸ் தொழில்

இடையில் அவர் பஞ்சு வாணிகத்தில் இறங்கி இழப்புற்றார். எனினும் ஊக்கம் இழந்தாரல்லர். 1920-இல், கோவையில் தொழில் பல நடத்திய ராபர்ட் ஸ்டேன்ஸ் துரையின் உதவியால் ஒரு பஸ் வாங்கிப் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தாமே ஓட்டினார். அவ்வொன்று பலவாகப் பெருகி, யு. எம். எஸ். என்னும் பெரும் நிறுவனமாயிற்று.

இதன் பயன் நாட்டுப்புறத்தார்க்கு நன்கு விளங்கும். தென்பெண்ணைக் கரையிலுள்ள எம் மணலூர்பேட்டை போன்ற ஊரினர்க்குத் திருக்கோவலூரும் திருவண்ணாமலையும் செல்லும் சாலையே உலகிற்கு வாயில். நடுவழியில் ஒரு பஸ் நின்றுவிடின், சந்தைக்குச் செல்வான் சரக்கு வாடும். மருத்துவரை நாடிச் செல்வார் உயிரே ஊசலாடும். ஒரு சிறு வாஷரின் விலை காசளவே. அஃது இல்லாமையின் விலையோ அளவிடற்கரியது. பழுதுபார்க்கும் கலையை அறிந்தே பஸ் தொழிலிற் புகுந்தமை நாயுடுவின் தனிச்சிறப்பாகும்.

பிற ஆக்கங்கள்

1937-இல் பாலசுந்தரம் நாயுடுவுடன் கூடி மின்சார மோட்டாரை இந்தியாவிலேயே செய்து காட்டினார். ஐரோப்பா சென்று அங்குள்ள தொழிற்சாலைகளைக் கண்டறிந்தார். முகம் மழிக்கும் மின்கருவி, குறைந்த விலை வானொலிப் பெட்டி முதலியனவும் அவர் முயற்சியால் தோன்றின.

பள்ளியை வெறுத்தோடிய அவரே இளைஞர்க்குத் தொழிற்பள்ளி அமைக்க முன்வந்தது வியத்தற்குரியது. 1945-இல் ஆர்தர் ஹோப் பெயரால் கோவையிற் பொறியியற் கல்லூரி தோன்ற அவர் பெரிதும் காரணராயினார். அதுவே இந்நாளில் அரசினர் தொழில்நுட்பக் கல்லூரியாக விளங்குகின்றது. பல்லாண்டுப் படிப்பைக் குறுகிய காலத்திற் கற்பிக்கலாம் என்பது அவர் கொள்கை. அதனை அரசினர் ஏற்கவில்லை, அவர் விலகினார். அவர் கொள்கை முற்றிலும் பொருந்தும் என்று யாம் கூறத் துணியோம். தனியொருவர் பேராற்றலால் முடிந்தது அனைவர்க்கும் முடியும் என்பது ஐயத்திற்குரியது. ஏட்டிற் கண்ட அளவையும் கணக்கும் இன்றிப் பாலம் கட்டுதல் இயலாது. எனினும், கைபடாத கல்வி குறையுடைத்து என்று அவர் சுட்டியதை மறுப்பார் இலர்.

முடிவு

1974-ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 4-ஆம் நாள் நாயுடு மறைந்தார். புதிய வண்டிகளினின்று கார்புரேட்டரும் இன்று பெரும்பாலும் மறைந்துவிட்டது. எனினும், கோவையில் அவர் குடும்பத்தார் அமைத்த கார் அருங்காட்சியகத்திற் பழைய வண்டிகள் அணியணியாய் நிற்கின்றன. அவற்றுட் பலவற்றிற்கு உதிரி உறுப்புகள் செய்வார் இன்று இலர். ஒவ்வோர் உறுப்பும் யாது செய்கின்றது என்பதை அறிந்தோர் உள்ளவரையே அத்தகைய வண்டிகள் ஓடும்.

இலக்கணம் பயிலும் எம்போன்றார்க்கும் இவ்வாழ்க்கையிற் பாடம் உண்டு. ஒரு சொல்லின் உறுப்புகளைப் பகுதி, விகுதி, இடைநிலை எனப் பெயர் கூறிப் பிரித்துவிடுகின்றோம். ஆயின், ஒவ்வோர் உறுப்பும் அச்சொல்லில் ஆற்றும் பணியை அறிந்தோமா? ஒன்றை நீக்கின் எப்பொருள் குன்றும் என்று சொல்ல வல்லோமா? வல்லோமாயின், நாயுடு கழற்றிப் பூட்டிய வண்டி நம் வகுப்பறையிலும் ஓடும்.